வெயில் வேறு, சூடு வேறு

பங்குனி கடைசியில் மொட்டை மாடியில் வடகம் பிழிவது எங்கள் வீட்டு வழக்கம். 2022 ஏப்ரலிலும் அப்படித்தான். விடியற்காலையில் கூழ் கிண்டி, எட்டு மணிக்கு மேலே ஏறி, அத்தையும் நானும் இரண்டு பழைய வேட்டி நிறையப் பிழிந்துவிட்டு இறங்கும்போது பதினொன்றரை ஆகிவிட்டது. அன்று ராத்திரி கன்னம் இரண்டும் திகுதிகுவென்று எரிந்தன. காலையில் கண்ணாடியைப் பார்த்தால் மூக்குத்தண்டில் தொடங்கி இரண்டு கன்னத்திலும் தடிப்பு. எங்கள் நிறத்துக்குச் சிவப்பு சிவப்பாகத் தெரியாது, நாவல்பழத்தைத் தேய்த்துவிட்ட மாதிரி இருந்தது. மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் அந்த மடிப்பில் மட்டும் ஒன்றுமில்லை, தோல் பழையபடி இருந்தது. அந்த மடிப்பை நான் அன்றைக்கே பார்த்தேன். அது லூபஸ் என்ற நோயின் அடையாளம் என்று தெரிந்துகொள்ளப் பதினான்கு மாதம் ஆனது.

"இன்னாமா, சூடு ஏறிச்சா" என்றார் அத்தை. எங்கள் பக்கத்தில் எது வந்தாலும் முதல் சந்தேகம் சூட்டின் மேல்தான். அதனால் இளநீர், நுங்கு, வெந்தயம் ஊறவைத்த தண்ணீர், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், முகத்துக்குச் சந்தனம் என்று ஒரு மாதம் ஓடியது. சோப்பு ஆகாது என்று குளியல் பொடி அரைத்துக் கொடுத்தார்கள். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கூடவே கார்போகரிசி. தோலுக்கு நல்லது என்று நாட்டுமருந்துக் கடையில் எப்போதும் அதையும் சேர்த்துத்தான் கட்டிக் கொடுப்பார்கள். கார்போகரிசியில் இருக்கும் சோராலென் தோலை வெளிச்சத்துக்குக் கூச வைக்கும் பொருள் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. வெண்புள்ளிக்கு அந்த மருந்தைக் கொடுத்துத்தான் புற ஊதாக் கதிரில் காட்டுவார்கள். எனக்கு நோய் வந்ததே அந்தப் பொடியால் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெயில் ஒத்துக்கொள்ளாத தோலில் தினமும் அதைத் தேய்த்துக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பியிருக்கிறேன். உங்களுக்கும் வெயிலில் முகம் எரிகிறது என்றால் பொடி அரைக்கும்போது கார்போகரிசியை விட்டுவிடுங்கள். எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போவதும் வேண்டாம், அதிலும் இதே வகைப் பொருள் இருக்கிறது.

என் வேலை வடசென்னையில், எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுவது. வீடு கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அந்த கேட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சரக்கு ரயில் வந்தால் வண்டியை அணைத்துவிட்டு நிற்க வேண்டியதுதான், காலையில் பத்து நிமிடமாவது போகும். ஒதுங்க இடம் கிடையாது. துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொள்வேன், அதுவும் மெல்லிய பருத்தி. கடைக்கு வந்து ஏசியில் உட்கார்ந்ததும் அப்பாடா என்று இருக்கும், இனி வெயில் இல்லை என்று நினைப்பேன். என் மேசை வாசல் கண்ணாடியை ஒட்டி இருந்தது. மதியத்துக்கு மேல் வெயில் கண்ணாடி வழியாக நேராக என் இடது பக்கம் விழும். ஏசி குளிரில் அது தெரியவே தெரியாது. இடது கன்னமும் இடது கையும்தான் எப்போதும் மோசம். ஏன் இடது பக்கம் மட்டும் என்று நானும் கேட்கவில்லை, பார்த்த மருத்துவர்களும் கேட்கவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது, டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க மகளைக் கூப்பிடுவேன். பத்து மணிக்கு மேல் சரியாகிவிடும். மேல் அண்ணத்தில் புண், ஆனால் வலிக்காது. தலை வாரினால் கொத்துக்கொத்தாக முடி. சாயங்காலமானால் லேசான ஜுரம், 99, 99.5. எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அசதி. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. வீட்டில் "சோம்பல்" என்றார்கள், நானே அப்படித்தான் நினைத்துக்கொண்டேன், அதுதான் இப்போதும் எரிச்சல்.

இங்கே நான் செய்த பெரிய தவறைச் சொல்ல வேண்டும். முகத்தைத் தோல் டாக்டரிடம் காட்டினேன். விரல் வலியைத் தெரு முனை டாக்டரிடம் சொன்னேன். முடி கொட்டுவதை யாரிடமும் சொல்லவில்லை, அது எண்ணெய் சமாச்சாரம் என்று நினைத்தேன். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை. நான்கு துண்டாக நான்கு பேரிடம் சொன்னால் யாருக்குத்தான் முழுசும் தெரியும்? ஒரு பழைய நோட்டை எடுத்து, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை என்னென்ன தொந்தரவு, எந்த மாதம் தொடங்கியது, வெயிலில் போனால் கூடுகிறதா என்று ஒரே பக்கத்தில் எழுதி எந்த டாக்டர் என்றாலும் அதை நீட்டுங்கள். நான் அதை முதல் மாதமே செய்திருந்தால் செயின் அடகுக்குப் போயிருக்காது.

அந்தக் கதைக்கு வருகிறேன். தெரு முனை டாக்டர் அலர்ஜி என்று செட்ரிசின் கொடுத்தார். கேட்கவில்லை. மெடிக்கலில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள், சீட்டு எதுவும் கேட்காமல். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது, கடையில் எல்லோரும் "என்ன க்ரீம்" என்று கேட்டார்கள், இரண்டு பேருக்கு வாங்கியும் கொடுத்தேன். நிறுத்திய ஒரு வாரத்தில் முன்னைவிட இரண்டு பங்கு வந்தது. அதில் இருந்தது ஸ்டீராய்டு. அந்த மாதிரி க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. எங்கள் பக்கத்து மெடிக்கலுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை போலும். அப்புறம் பக்கத்துப் பேட்டையில் ஒரு தோல் க்ளினிக், பெயர் வேண்டாம். வாசலிலேயே நடிகை படம். இது மங்கு, உரித்து எடுத்தால் போய்விடும் என்று நான்கு முறை முகத்தில் அமிலம் போட்டு உரித்தார்கள். ஒரு தடவைக்கு 3,500 ரூபாய். மேல்தோல் உரிந்த முகத்தோடு அடுத்த நாள் கேட்டில் வெயிலில் நின்றிருக்கிறேன், நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. நான்காவது தடவை முடிந்து "இன்னும் இரண்டு சிட்டிங்" என்றபோதுதான் விட்டேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். உரித்ததற்கு 14,000. அங்கேயே விற்ற க்ரீம், ஃபேஸ் வாஷ் 6,200. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய லேகியம் 2,800. ஒரே பரிசோதனையை இடம் மாறி இடம் மாறி எடுத்தது 7,400. ஆகமொத்தம் 30,400. வேலைக்குப் போக முடியாத இரண்டு மாதச் சம்பளம் 28,000 தனி. இரண்டு பவுன் செயினை வைத்துத்தான் சமாளித்தோம். இத்தனையிலும் யாரும் எழுதிக் கொடுக்காத ஒன்று சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை. நூறு, நூற்றைம்பது ரூபாய் வேலை.

2023 ஜூன் முதல் வாரத்தில் கால் வீங்கியது. கொலுசு பதிந்த இடத்தில் பள்ளம். சிறுநீரில் நுரை, தண்ணீர் ஊற்றினாலும் அடங்காத நுரை. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன க்ளினிக்கில் வயதான டாக்டரம்மா இருக்கிறார், ஐம்பது ரூபாய் டாக்டர் என்பார்கள். அவரிடம் கால் வீக்கத்துக்காகப் போனேன். அவர் காலைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச்சை எடுத்து அந்த மூக்கோர மடிப்பில் அடித்தார். "வாயைத் திற." அண்ணத்தைப் பார்த்தார். "காலைல விரல் மடங்காதா? வெயில்ல போனா ரெண்டு மூணு நாள் கழிச்சு ஒடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி ஆகுதா?" நான் அழுதுவிட்டேன். ஒருத்தர் என் உடம்பைப் பற்றி எனக்கே சொன்னது அன்றைக்குத்தான். ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொல்லி எழுதினார். இரண்டும் வந்ததும், "ஒரு நாளும் தள்ளாதே, ஜிஹெச்சுக்குப் போ, ருமட்டாலஜி எங்கேன்னு கேளு" என்றார். மூட்டு நோய்களையும் இந்த மாதிரி நோய்களையும் பார்க்கும் பிரிவு அது.

லூபஸ். எஸ்.எல்.இ. என்றும் எழுதுவார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே எதிரியாக நினைத்து அடிக்கும் நோய். பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பிள்ளை பெறும் வயதுக்காரர்கள்தான் அதிகம். தொற்றாது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடையில் ஒரு பெண் என் தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைக்க ஆரம்பித்திருந்தாள். ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றாலே லூபஸ் என்றும் பயந்துவிடாதீர்கள், நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்கள் சிலருக்கும் அது லேசாகப் பாசிட்டிவ் காட்டும். மற்ற அறிகுறிகளும் மற்ற பரிசோதனைகளும் சேர்ந்துதான் முடிவு செய்வார்கள். எனக்கு சிறுநீரகத்தைத் தொட்டிருந்தது. ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள், ஆரம்பக் கட்டம்தான் என்றார்கள்.

அரசு பொது மருத்துவமனையில் கூட்டம் உண்டு, வரிசை உண்டு, ஒரு நாள் சம்பளம் போகும். ஆனால் எனக்கு மாத்திரைக்கு ஒரு பைசா செலவில்லை. போக வர எனக்கு வாய்த்தது மெட்ரோ. வண்ணாரப்பேட்டையில் பூமிக்குள் இறங்கினால் மண்ணடி, உயர் நீதிமன்றம் எல்லாம் பூமிக்குள்ளேயே, சென்ட்ரலில் சுரங்கப்பாதை வழியாக ஆஸ்பத்திரிப் பக்கம் ஏறிவிடலாம். முழுப் பயணத்திலும் என் மேல் வெயில் படுவது ஐந்து நிமிடம். வடசென்னைக்கு மெட்ரோ வந்ததை மற்றவர்கள் எதற்காகக் கொண்டாடினார்களோ, நான் இதற்காகக் கொண்டாடுகிறேன்.

மருந்துகளில் முதுகெலும்பு ஹைட்ராக்சிகுளோரோகுயின். மலேரியா மாத்திரை என்று மெடிக்கலில் சொல்லிக் குழப்புவார்கள், கொரோனா முதல் வருடத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்ட அதே மாத்திரைதான். எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. என் எடை 48 கிலோ, அதனால் எனக்கு 200. அது வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், பத்து நாளில் பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள். வருடக்கணக்கில் சாப்பிட்டால் விழித்திரையைத் தொடக்கூடும் என்பதால் முதல் வருடத்துக்குள் ஒரு முறை கண் பரிசோதனை, அப்புறம் அவர்கள் சொல்லும் இடைவெளியில். சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு இந்தத் தொடர் கண் பரிசோதனையைச் சீக்கிரமே தொடங்கச் சொல்வார்கள். கூடவே ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார்கள். முகம் உப்பி, பசி பேய்ப்பசியானது. "நிறுத்திடு" என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

சரி, வெயிலுக்கு வருகிறேன். ஓபியில் ஒரு இளம் டாக்டர் சொன்ன ஒரு வார்த்தைதான் என் தலையில் இருந்ததை மாற்றியது. "உங்களுக்கு ஆகாதது சூடு இல்லக்கா, வெளிச்சம்." வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் தோல் செல்களைச் சிதைக்கும். மற்றவர்கள் உடம்பு அந்தக் குப்பையைக் கூட்டி அள்ளிவிடும். எங்கள் உடம்பு அள்ளாது, அந்தக் குப்பையைப் பார்த்து எதிர்ப்புச் சக்தி சண்டைக்குக் கிளம்பிவிடும். சண்டை முகத்தோடு நிற்காது, மூட்டு, சிறுநீரகம் வரை போகும். அதுவும் அன்றைக்கே தெரியாது, சில நாள் கழித்து, சில சமயம் வாரங்கள் கழித்து. அதனால்தான் கேட்டில் நின்றதையும் அடுத்த வாரம் வந்த ஜுரத்தையும் நான் முடிச்சுப் போடவே இல்லை. கண்ணாடியிலும் விஷயம் இருக்கிறது. புற ஊதாவில் ஒரு வகையைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும், இன்னொரு வகையை உள்ளே விட்டுவிடும். ஏசியில் ஜில்லென்று உட்கார்ந்து என் இடது கன்னத்தை நானே மதியம் தவறாமல் வேகவைத்திருக்கிறேன்.

முதலாளியிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். மேசையை உள்ளே தள்ளிப் போட்டார். கண்ணாடிக்குப் புற ஊதாவைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்ட 3,200 ஆனது, பாதி நான் கொடுத்தேன். கறுப்பாக இருந்தால் போதும் என்று வாங்கக் கூடாது, புற ஊதாவை எவ்வளவு தடுக்கிறது என்று கேட்டு வாங்க வேண்டும். ஃபிலிம் ஒட்டியதில் புடவைச் சாயம் வெளுப்பதும் குறைந்தது என்று அவருக்கும் சந்தோஷம்.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் நான் ஆறு மாதம் ஏமாந்தேன். பட்டாணி அளவு எடுத்துப் பூசினேன். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு போட்டால் எவ்வளவோ அவ்வளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். காது, பின்கழுத்து, புறங்கைக்குத் தனி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும். இப்படிப் பூசினால் 50 கிராம் ட்யூப் எனக்கு மூன்று வாரம்கூட வராது, மாதம் 800 ரூபாய் தனியாக எடுத்து வைக்கிறேன். எஸ்.பி.எஃப். 50 என்பதை மட்டும் பார்க்காதீர்கள், அது முக்கியமாக ஒரு வகைக் கதிருக்கான கணக்கு. கண்ணாடி வழியாக வருகிறதே, அந்த வகைக்கு பி.ஏ. என்று போட்டுப் பக்கத்தில் ப்ளஸ் குறிகள் இருக்கும், குறைந்தது மூன்று இருக்கட்டும். ஜிங்க் ஆக்சைடு வகை எனக்கு எரிச்சல் தரவில்லை, ஆனால் திருநீறு பூசிய மாதிரி இருக்கும். நிறம் கலந்தது கிடைக்கிறது, நம் தோலுக்கு அது தேவலாம். புறங்கையில் பூசிக்கொண்டு நோட்டு எண்ணினால் பிசுபிசுக்கும், முதலாளி முதல் வாரம் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

ட்யூப் வாங்கக் காசில்லையென்றால் துணியை நம்பலாம், எனக்குக் கேட்டால் துணிதான் முதல். கடையில் நிற்பதால் எனக்கு இது சுலபம். துணியை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள், வெளிச்சம் பொத்தல் பொத்தலாகத் தெரிந்தால் வெயிலும் அப்படித்தான் உள்ளே வரும். அடர்த்தியான நெசவு, அடர் நிறம், முழுக்கை. வெள்ளை மெல்லிய பருத்தி குளுமையாக இருக்கும், காப்பாற்றாது, வியர்வையில் நனைந்தால் இன்னும் மோசம். குடையும் அடர்த்தியான கறுப்புத் துணி. குடை பிடித்தும் காசிமேட்டுக் கடற்கரையில் முகம் எரிந்திருக்கிறது, மணலும் அலை நுரையும் கீழேயிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கேட்டில் ரயில் வருவது தெரிந்தால் இப்போது முன்னால் போய் முண்டுவதில்லை, பின்னால் டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கிவிடுகிறேன்.

இத்தனையும் தெரிந்த பிறகும் ஒரு முறை வழுக்கினேன். 2024 காணும் பொங்கல். தை மாத வெயில் இதமாக இருந்தது, கடற்காற்று வேறு, மேகமும் இருந்தது. மகள் கெஞ்சினாள். பதினொன்று முதல் இரண்டு வரை கடற்கரையில் இருந்தோம், குடையை வண்டியிலேயே விட்டுவிட்டேன். ஒன்றும் எரியவில்லை. ஒன்பதாவது நாள் விரல் மடங்கவில்லை, சிறுநீரில் திரும்ப நுரை. குறைத்துக்கொண்டு வந்த ஸ்டீராய்டை மறுபடி ஏற்றினார்கள், பழைய அளவுக்குத் திரும்ப ஐந்து மாதம் ஆனது. இதமாக இருக்கிறதே என்று தோல் சொல்வதை நம்பியதால் வந்த வினை. மேகத்தையும் தாண்டி அந்தக் கதிர் வரும்.

இன்னும் சில விஷயங்கள் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வெயிலைத் தவிர்த்தால் வைட்டமின் டி குறையும், பரிசோதித்து டாக்டர் சொல்லும் அளவில் மாத்திரை எடுத்தால் போதும், அதற்காக வெயிலில் போய் நிற்க வேண்டாம். எந்த டாக்டரிடம் போனாலும் லூபஸ் என்று முதலிலேயே சொல்லுங்கள். சல்ஃபா வகை மருந்துகள் சிலருக்கு நோயைக் கிளப்பிவிடும். டாக்சிசைக்ளின் வெயில் கூச்சத்தைக் கூட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க என்று பக்கத்து வீட்டு அக்கா அதை எனக்கும் ஒரு அட்டை கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், ஓபியில் காட்டிவிட்டுத்தான் அடுத்ததை யோசித்தேன். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும், இந்த நோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் குழந்தைக்கு ஆகாது.

நேரம் பார்க்க எனக்குக் கடிகாரத்தைவிட நிழல் உதவுகிறது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் பலமாக இருக்கிறது, உள்ளே இருங்கள். சித்திரையில் எங்கள் ஊரில் காலை ஒன்பதுக்கே நிழல் குட்டையாகிவிடும், மதியம் மூன்றுக்கு மேல்தான் நீளும். தை பிறக்கும்போது பத்தேகாலிலிருந்து இரண்டேகால் வரை. கத்திரி வெயிலுக்கு மட்டும் பயப்படுவார்கள் எல்லோரும், ஆனால் சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும். ஆவணி மேகமூட்டத்தில் யாரும் குடை எடுப்பதில்லை.

இதை அத்தைக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு வருடம் ஆனது. "சூடே இல்லியே, அப்புறம் இன்னா பயம்" என்பதுதான் பதில். இந்த வருடம் வடகம் பிழிய என்னை மாடிக்கு விடவில்லை, கூழ் கிண்டுவது மட்டும் என் வேலை. மூன்று மணிக்கு நான் கடைக்குக் கிளம்பினேன், அன்று அரை நாள் லீவு. அத்தை எனக்கு முன்னால் தெருவில் இறங்கி, நடு ரோட்டில் நேராக நின்று, காலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அத்தை நகரவில்லை. "இன்னும் குள்ளமாதான் கீது" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். "உள்ள போய் ஒரு டீ குடி, நான் கூப்புடறேன்."